மச்சான் முகத்தை மறைத்த விளம்பரம்

இன்று மதியம் பட்டுக்கோட்டையில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு, அதிராம்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா லேப்டாப்போடு வந்தார்.

“மச்சான் குவைத்துல இருக்காங்க. வீடியோ கால் போட்டா விளம்பரம் வந்து அவங்க முகத்த மறைக்குதும்மா. மூடினா இன்னொண்ணு வருது.”

“புதுசா ஏதாவது எறக்குனீங்களாக்கா?”

தயங்கிவிட்டுச் சொன்னார். “அவங்க பேசுறத பதிவு பண்ண இலவசமா ஒரு சாஃப்ட்வேர். லைன் கெடைக்காத நாள்ல போட்டுப் பாக்கலாம்னு.”

வந்த கேள்விக்கெல்லாம் ‘சரி’ அழுத்தியிருக்கிறார். அதோடு ஒட்டிக்கொண்டு விளம்பரம் காட்டும் நான்கு சாஃப்ட்வேர்கள் இறங்கியிருந்தன. அவர் எந்த இணையப் பக்கத்துக்குப் போகிறார் என்று அவை வேவு பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு விளம்பரம் பாங்க் பக்கம் போலவே வந்து பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. நல்லவேளை, கொடுக்கவில்லை.

பதிவுகளைத் திறந்து பார்த்தோம். ஒன்றில்கூட முகம் இல்லை. செருப்பு விளம்பரத்துக்குப் பின்னால் ஒரு காது மட்டும் தெரிந்தது.

“இதையும் அழிச்சிடவாக்கா?”

“வேணாம்மா. குரல் இருக்குல்ல.”

மற்ற எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு, “இப்ப கூப்பிட்டுப் பாருங்க” என்றேன்.

திரை முழுக்க அவர் கணவரின் முகம். அக்கா பேசவே இல்லை.

“ஏன் புள்ள, சத்தம் கேக்கலையா?” என்றார் அவர்.

“கேக்குது மச்சான். பாத்துக்கிட்டு இருக்கேன்.”

நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

இலவசம் என்று எதையாவது இறக்கி மாட்டிக்கொண்டவர்கள் கமெண்டில் வாருங்கள். இந்தச் சர்வீஸ் கடைக்காரியின் லேப்டாப்பிலேயே ஒருமுறை என்ன இறங்கியிருந்தது என்று நானும் சொல்கிறேன்.