அன்னம்மா சொன்ன கணக்கு

உள்ளூராட்சி வட்டாரங்களைப் புதிதாகப் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஓகஸ்ட் மாதம் மன்னாரின் அரிப்பு என்ற கடலோர ஊர்ப் பக்கம் போனேன். சோளகக் காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கிற மாதம். ஊர் பார்க்கிற நினைப்பில் போகவில்லை. என்னோடு யாழ்ப்பாணத்தில் ஒரே கந்தோரில் வேலை செய்யும் ரெஜினாவின் மீன்பிடிக் கிராமத்துக்குத் தனி வட்டாரம் கிடையாது, ஆட்கள் போதாது, பக்கத்து வயல் ஊரோடு சேருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். மறுபடி எண்ண ஒரு அதிகாரி வருகிறார், துணைக்கு வா என்றாள்.

காலை ஆறு மணி பஸ். பூநகரி வழியாக மன்னாருக்கு மூன்று மணி நேரம். அங்கே பஸ் மாறி, தண்ணீர் வற்றிக் கிடந்த கட்டுக்கரைக் குளத்தைத் தாண்டி முருங்கனில் இறங்கினோம். அங்கிருந்து ஓட்டோவுக்குத் தொள்ளாயிரம் ரூபா. பேரம் பேசிப் பார்த்தேன், சரிவரவில்லை.

ஓட்டோக்காரர் அந்த வயல் ஊர்க்காரர். “எங்களோட சேர்ந்தால் என்ன தங்கச்சி? நாங்கள் உங்களைப் பார்க்க மாட்டமோ?” என்றார்.

“பார்ப்பியள் அண்ணை. ஆனா உங்களுக்கு ஆக்கள் கூட. உங்கட மெம்பர் வாய்க்காலைப் பற்றித்தான் கதைப்பார். எங்கட வள்ளங்கள் கட்டுற இறங்குதுறையை ஆர் கேக்கிறது?” என்றாள் ரெஜினா.



ரெஜினாவின் அம்மா அன்னம்மா தேத்தண்ணீர் தந்தார். முதல் தடவை எண்ண வந்தபோது வீட்டில் தானும் பேரனுமாக இரண்டு பேர் என்று சொன்னவர் அவர்தான். யாழ்ப்பாணத்தில் பதிந்திருக்கும் ரெஜினாவை விட்டுவிட்டால், உண்மையில் ஐந்து பேர். கணவரும் மூத்த மகனும் மருமகளும் சோளக மாதங்களில் மீன் பிடிக்க வடகரையிலுள்ள தற்காலிக வாடிக் குடிசைக்குப் போயிருந்தார்கள். ஊர் முழுக்க இதே கதை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டே விட்டேன்.

“சண்டைக் காலத்தில ஆமி வந்து கேட்டால் நிக்கிற ஆக்களைத்தான் பிள்ளை சொல்லுவம். இல்லாத ஆளைச் சொன்னால், எங்க போனவன் எண்டு கேப்பாங்கள். இந்தியாவில அகதி முகாமிலயும் வரிசையில நிண்டால்தான் ஆள். வாய் அப்பிடியே பழகிப்போச்சு.”

கேட்டதற்கு வெட்கப்பட்டேன்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். இளம் வயது, மரியாதையான மனிதர். கதிரையில் உட்கார்ந்து, “அம்மா, இந்த முறை வாடிக்குப் போன ஆக்களையும் சேர்த்துச் சொல்லுங்கோ. வீட்டில எத்தனை பேர்?” என்று கேட்டார்.

அன்னம்மா வாசலைப் பார்த்தார். “ரெண்டு” என்றார். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லைத் தம்பி. ஆறு பேர்” என்றார் அன்னம்மா. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, கடைசியாக “யூட்” என்றார்.

யூட் ரெஜினாவின் தம்பி. 2009இல் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன்.

“யூட் இப்ப எங்க அம்மா?”

“தெரியாது தம்பி. அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லவேணும்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். ஐந்து என்று எழுதினார். சட்டப்படி அதுதான் சரி, அவரில் பிழை சொல்ல மாட்டேன்.

சில மாதங்களில் கிராமத்துக்குத் தனி வட்டாரம் கிடைத்தது. இறங்குதுறைக்கு இனி அவர்களே வாய் திறக்கலாம்.

போகிறவர்களுக்கு: குடிதண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடைகள் குறைவு. திரும்பி வரும் ஓட்டோவைக் காலையிலேயே பேசிவையுங்கள். வீடுகளில் தேத்தண்ணீர் தந்தால் மறுக்காதீர்கள். ஆனால் பேச்சுக்குக்கூட வீட்டில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அன்னம்மா இன்றைக்கும் ஆறு என்றுதான் சொல்கிறார்.