முழு வேகத்தில் ஓடிய பம்பு

என் வீட்டுக்காரர் கட்டிய கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடும். சொந்தக்காரர்கள் பார்த்தால், "கரண்ட்டுக்குள்ள தண்ணிய உடறதா, எதுக்குங்க இந்த வேலை" என்று ரெண்டடி தள்ளி நிற்பார்கள். பெட்டிக்குள் விரல் தடிமனில் ரெண்டு குழாய், கைக்கு அடக்கமாக ஒரு பம்பு, ஓரத்தில் ஒரு ரேடியேட்டர். சூடாகிற சிப்பின் மேல் தண்ணீர் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விட்டுவிட்டுத் திரும்பும். அவ்வளவுதான்.

பனியன்களுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். ராயபுரத்தில் வீட்டை ஒட்டினாற்போல் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை. சித்திரையில் பத்து மணிக்கே அந்த அறையில் சாதாரணக் கம்ப்யூட்டர் திணறும். அதற்காகத்தான் அவர் ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்து இதைக் கட்டினார். படம் வரைவது அவர். அதை நிறம் நிறமாகப் பிரித்து, துணியில் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் போடத் தோதாகக் கொடுப்பது நான். பன்னிரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும், அந்தப் பெட்டிக்குள் நான் ஒருநாள்கூடக் கை விட்டதில்லை. அது அவர் பாடு என்று இருந்துவிட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. பேச்சு போயிற்று என்றால் ஊமையாகிவிடவில்லை. வாயில் வார்த்தை வரும், ஆனால் வேறு வார்த்தை வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும், ஃபேன் போட வேண்டுமென்றாலும், கால் வலித்தாலும் "சட்டை" என்பார். "அவருக்கு எல்லாமே புரியுதுங்க. சொல்றதுக்குத்தான் வார்த்தை கெடைக்கறதில்ல" என்றார் டாக்டர். புரியவில்லை என்றாலே தேவலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

அவர் வேலையும் என் தலையில் வந்தது. அவர் அளவுக்கு வரைய வராது. பழைய டிசைன்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். பங்குனியில் ஒரு கம்பெனி நம்பி ஒரு வேலை கொடுத்தது. குழந்தைகள் சட்டைக்கு, உடம்பு முழுக்க வரும் இலை டிசைன். ஒன்பது நிறம். கொடுக்க வேண்டிய நாளன்று மத்தியானம் ஆறாவது நிறத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது.

கரண்ட் போகவில்லை. மறுபடி போட்டேன். பத்து நிமிஷம் ஓடி மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை பக்கக் கதவைக் கழற்றிவிட்டுப் போட்டேன். குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கை வைக்க முடியாமல் கொதித்தது. இன்னொன்று சில்லென்று இருந்தது. தண்ணீர் சரியாக ஓடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அவர் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு பட்டனைத் தட்டி நீலத் திரை ஒன்றுக்குள் போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் தட்டினேன். அங்கே பம்பின் வேகம் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றுக்குக் கொஞ்சம் கீழே, மெதுவாகத்தான். வேகத்தைக் கூட்டுவதற்கு ஒரு கோடு இருந்தது. அதை நூறு சதவீதத்துக்கு இழுத்தேன். எண் மாறவில்லை. இருபதுக்குக் குறைத்தேன். அப்போதும் மாறவில்லை. நான் சொல்வது எதுவும் அந்தப் பம்புக்குப் போய்ச் சேரவில்லை.

கம்பெனியில் ஆர்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் பெண் போன் செய்தாள்.

"அக்கா, ஃபைல் வந்துருமுங்களா? ஸ்கிரீன் போடறவங்க கேட்டுட்டே இருக்காங்க."

"சிஸ்டம் நின்னுநின்னு போகுது கண்ணு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிர்றேன்."

எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் உண்டு. பனியன் கம்பெனிகளின் பில் போடும் மெஷின்களையும் பிரிண்டர்களையும் பார்ப்பவர். அரை மணி நேரத்தில் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

"அக்கா, உள்ளதச் சொல்லிர்றனுங்க. தண்ணி ஓடற சிஸ்டத்துல நான் கை வெச்சதில்ல. அண்ணன் இதக் கட்டுனப்ப வந்து வேடிக்கதான் பார்த்தேன்."

"எனக்கு அதுவும் தெரியாதுங்க. நீங்களாச்சும் பாருங்க" என்றேன்.

மனிதர் கைவிடவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பம்பிலிருந்து வரும் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் போனார். கரண்ட் வரும் ஒயர் வேறு, ஓடும் வேகத்தைத் திரைக்குக் காட்டும் ஒயர் வேறு, எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று பம்புக்குச் சொல்லும் ஒயர் வேறு என்று எனக்கு விளக்கினார். இந்தக் கடைசி ஒயர் நேராகக் கம்ப்யூட்டரின் மதர்போர்டுக்குப் போக வேண்டும். அது போகவில்லை. பெட்டியின் அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு டப்பாவுக்குள் போயிற்று. கடையில் வாங்கியதல்ல. அவரே ஈயம் பற்ற வைத்துச் செய்தது. அதிலிருந்து வேறு நாலைந்து ஒயர்கள் நாலா பக்கமும் கிளம்பின.

"பம்போட வேகத்த இந்த டப்பாதான் பாத்துக்கும் போலருக்குங்க. தண்ணியோட சூட்டப் பார்த்து அதுவே கூட்டிக் கொறைக்கும். அதான் நீங்க ஸ்கிரீன்ல என்ன மாத்துனாலும் கேக்கறதில்ல. இப்ப அதுல ஏதோ கோளாறுங்க. ஆனா எந்த ஒயரு எதுக்குன்னு..." என்று நிறுத்திவிட்டு வீட்டுப் பக்கம் பார்த்தார். "அண்ணனக் கேக்கலாமுங்களா?"

நான் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தது அதைத்தான். ஆனாலும் போய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். அறை வாசலுக்கு வந்ததும் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து அவர் முகம் மாறியது. ஐப்பசிக்குப் பிறகு அந்தக் கண்ணை நான் பார்க்கவில்லை. வேலை செய்கிற கண். இடது கையை நீட்டினார். பாய் டப்பாவை அவர் விரலுக்கு எட்டும்படி வெளியே இழுத்துக் காட்டினார்.

"ஏனுங்க, பம்பு மெதுவாத்தான் ஓடுது. இதுல எதை மாத்தணும்?" என்று கேட்டேன்.

"சட்டை" என்றார். தலையை உதறிக்கொண்டு, "சட்டை... சட்டை" என்றார். பச்சை ஒயரைத் தொட்டார்.

"இதுங்களா?"

ஆமென்று தலையசைத்தார். பாய் பக்கத்திலிருந்த மஞ்சள் ஒயரைத் தொட்டு, "இல்ல, இதுங்களாண்ணா?" என்றார். அதற்கும் ஆமென்றே தலையசைத்தார். தான் அசைத்தது தப்பென்று அவருக்கே தெரிந்தது. கண்ணை இறுக மூடித் திறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வாய் எதையோ கூட்டிச் சேர்த்தது. நெற்றி வேர்த்தது. வெளியே வந்தது அதே சட்டைதான். நானும் விடாமல், "இதா? இதா?" என்று ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஃபைல் போய்ச் சேர வேண்டுமே என்ற வெறி எனக்கு. அவர் இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பாய் டார்ச்சை அணைத்தார். "உடுங்கக்கா. அண்ணன உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தபோது பாய் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வேகம் சொல்லும் ஒயரை டப்பாவிலிருந்தே பிடுங்கிவிட்டால், சொல்ல ஆளில்லாத பம்பு தன்பாட்டுக்கு முழு வேகத்தில் ஓடும். பிடுங்கினார். பம்பு வீறிட்டது. காதுக்குப் பக்கத்தில் கொசு பறப்பது மாதிரி, ஆனால் நிற்காமல். குழாயின் சூடு இறங்கியது. ஒயரைப் போர்டில் நேராகச் செருகி, வேகத்தைக் குறைக்க முடிகிறதா என்றும் பார்த்தார். குறையவில்லை. "போர்டுல அந்த எடம் செத்துப் போயிருக்கணுமுங்க. அதனாலதான் அண்ணன் டப்பாவே செஞ்சிருப்பாரு" என்றார்.

கோயம்புத்தூரில் சாமான் வாங்கிய கடைக்கும் போன் போட்டேன். அந்த மாடல் பம்பு இப்போது வருவதில்லை, செய்தவர் வந்து பார்த்தால்தான் உண்டு என்றார்கள்.

மிச்சமிருந்த நிறங்களைப் பிரித்து முடித்து ஆறு மணிக்கு ஃபைலை அனுப்பினேன். சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. அஞ்சு மணிக்கே வேற ஆள்கிட்ட வேற டிசைன் வாங்கி ஸ்கிரீனுக்குக் குடுத்துட்டாங்க. நான் சொல்லிப் பார்த்தனுங்க." அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அவளை என்ன சொல்ல?

அதற்குப் பிறகு வேலைகள் ஒன்றிரண்டு வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் நான் கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. கட்டிலில் இருப்பவர் தலையைத் தூக்கி அறைப் பக்கம் திரும்புவார். இடது கையை ஆட்டி ஆட்டி என்னைக் கூப்பிடுவார். பம்பு அப்படி ஓடக் கூடாது, ரொம்ப நாள் தாங்காது என்று சொல்கிறார் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். "சரி பண்ணிர்லாமுங்க" என்று பொய் சொல்லிக் கதவைச் சாத்துவேன். சாத்திய கதவுக்குள்ளும் அவர் கட்டில் சட்டத்தைத் தட்டுவது கேட்கும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்த நாளும் உண்டு. எப்படியாவது இந்தச் சத்தம் அவருக்குப் பழகிவிட்டால் போதும் என்று வேண்டிக்கொள்ளாத தெய்வமில்லை.

ஆடி பிறந்தபின் ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். பம்பு வழக்கம்போல வீறிட்டது. கட்டில் சட்டம் தட்டப்படவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வரும் பக்கம் தலை திரும்பவில்லை. அடுத்த நாளும் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் அறைக் கதவைச் சாத்தாமல் நன்றாகத் திறந்து வைத்து, வேலை ஒன்றுமில்லாமலே பம்பை ஓடவிட்டுவிட்டு, அவர் கால்மாட்டில் போய் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.