போட்டோவுக்கு நின்ற வலிக்காத அக்கா

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வலிக்காத அக்கா என்றுதான் சொல்வார்கள். ஊசி என்றாலே வாசலோடு திரும்பிப் போகிறவர்கள்கூட, "அந்த அக்கா இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டு டோக்கன் வாங்குவார்கள். பத்தொன்பது வருடமாக ஜன்னலோர நாற்காலி. கையில் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் நரம்பைத் தடவிக்கொண்டே ஏதாவது கேட்பார். வந்தவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் வேலை முடிந்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்.

அந்த அக்காவுக்குக் கேமரா என்றால் பயம். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் தூக்கல். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரி ஒருத்தி 'தேங்காய்த் துருவி' என்று சொன்னதிலிருந்து, சிரிப்பு வருவதற்கு முன்பே கை வாய்க்குப் போய்விடும். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட உதடு பிரியவில்லை. "இதைப் பாக்குறவங்க, என்னைக் கட்டிக்க இவளுக்கு இஷ்டமே இல்லன்னு நினைப்பாங்க" என்று கணவர் கேலி செய்வார். கூடத்தில் முகக்கவசம் போடுவது மற்றவர்களுக்குத் தொல்லை, அக்காவுக்கு நிம்மதி.

நாத்தனார் மருத்துவமனைச் சீருடை தைக்கும் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறாள். அங்கே புதிதாகக் கேட்லாக் அச்சடிக்கிறார்கள். மாடல் அழகிகள் வேண்டாம், நிஜமாகவே அந்த வேலை பார்க்கிறவர்கள்தான் உடுத்தி நிற்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"அண்ணி, சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல."

"மாஸ்க் போட்டுக்கலாமா?"

"துணி மட்டும் போதும்னா பொம்மைக்கு மாட்டி எடுத்திருப்பாங்களே அண்ணி. முகம் வேணும்."

அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது. வாயை மூடிச் சிரித்தால் பல்வலிக்காரி போலிருந்தது. கொஞ்சம் திறந்தால் பழைய பெஞ்சுக்காரி வந்து நின்றாள். வியாழக்கிழமை ஒரு பெரியவருக்கு நரம்பு தப்பிப்போய் இரண்டு தரம் குத்த வேண்டியதாயிற்று. "பரவாயில்லம்மா" என்று அவர் சொன்னதுதான் அக்காவுக்கு ஊசியைவிட அதிகமாகக் குத்தியது.

சாயங்காலம் கணவரிடம், "என்னால முடியாதுங்க" என்றார். கணவர் லிஃப்ட் மெக்கானிக், பேச்சு குறைவு.

"வேண்டாம்னா வேண்டாம். தங்கச்சிகிட்ட நானே சொல்லிடறேன்."

அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "சும்மா போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"நான் சொல்லி நீ போனா, அங்க நிக்கும்போது என்னைத்தான் திட்டுவ." கழுவிய கையைத் துடைத்துக்கொண்டார். "உன் சிரிப்பு ஒரு படத்துலயாவது இருக்கணும்னு எனக்கு ஆசைதான். வீட்டுல தெனம் பாக்குறேன். வேலைக்கு எடுத்துட்டுப் போக முடியலயே."

மறுநாள் காலை, "சனிக்கிழமை லீவு போடுங்க, தனியா போக மாட்டேன்" என்றார்.

கம்பெனி மாடியில் துணி அடுக்கும் அறையைக் காலிசெய்து, கூரையிலிருந்து தரை வரை வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் குடை விரித்த விளக்குகள். பச்சைச் சீருடை தொளதொளவென்றிருந்ததால் நாத்தனார் முதுகுப்பக்கம் குண்டூசி வைத்துப் பிடித்தாள்.

"அசையாதீங்க அண்ணி, குத்திடும்."

"ஊசியைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றார் அக்கா. குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

படம் எடுக்க வந்தவள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். "ரிலாக்ஸா நில்லுங்க மேடம்" என்று மூன்று தரம் சொன்னாள். ஒவ்வொரு தரமும் அக்கா இன்னும் விறைத்துப்போனார். பத்துப் படத்திலும் அடையாள அட்டைக்கு நின்ற முகம்.

அந்தப் பெண் லென்ஸை மாற்றும்போது மூடி கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தவளின் முகத்தை அக்கா பார்த்தார். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. நாற்காலியில் உட்காரும் முன்பே மயங்கி விழப்போகிறவர்களை அவர் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்!

"காலையில சாப்பிட்டியாம்மா?"

"இல்ல மேடம்."

"இது எத்தனாவது தடவை?"

பெண் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன்கூட கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போவேன். தனியா எடுக்கறது இதான் முதல் தடவை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் அக்கா.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நூறைத் தாண்டி ஓடியது. நாத்தனார் டீயும் பன்னும் வாங்கி வந்தாள். அக்கா பேச்சுக்கொடுக்க, பெண் மெல்ல வாய் திறந்தாள். முதன்முதலில் படமெடுக்கப் போன கல்யாணத்தில் மாப்பிள்ளை என்று நினைத்து, மாப்பிள்ளையின் சித்தப்பா மகனை அரை மணிநேரம் விரட்டி விரட்டி எடுத்தாளாம். "அவரும் ஒண்ணும் சொல்லாம போஸ் குடுத்துட்டே இருந்தாரு மேடம்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை தானாக வாய்க்குப் போனது. பெண் அதற்குள் கேமராவை எடுத்திருந்தாள்.

"மேடம், கையை எடுங்க. பாக்கெட் மறையுது."

"என்னது?"

"மேல் பாக்கெட்டு. ஊசி, பேனா எல்லாம் வைக்க மூணு அறை வச்சு தச்சிருக்காங்க. அதான் பெருசா தெரியணும்னு சொன்னாங்க."

அக்கா குனிந்து பாக்கெட்டைப் பார்த்தார். முப்பது வருடமாகத் தன் பற்களை உலகமே உற்றுப் பார்ப்பதாக நினைத்து வாழ்ந்தாயிற்று. இந்தப் பெண்ணுக்கோ பாக்கெட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அதை நினைக்க நினைக்க இன்னும் சிரிப்பு வந்தது. கையைக் கீழே விட்டார். பெண் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிலதில் கண் மூடியிருந்தது, சிலதில் மறுபடி விறைப்பு. கீழே காத்திருக்க வேண்டிய கணவர், கம்பெனி லிஃப்ட் கிறீச்சிடுவதைக் கேட்கப் பொறுக்காமல் அதைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு, கையில் கிரீஸோடு மேலே வந்தார். பெண் அவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒன்று எடுத்தாள். அதில் அக்காவின் பல் எல்லாம் தெரிந்தது. கணவர்தான் விறைத்து நின்றார்.

கேட்லாக்கில் அக்கா ஒன்பதாம் பக்கத்தில் வந்தார். பாக்கெட் நன்றாகவே விழுந்திருந்தது. ஆறு மாதம் கழித்து நீலச் சீருடைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். அன்றைக்கும் காலையில் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் தனியாகவே பஸ் ஏறிப் போனார். அந்தப் பெண்ணுக்கும் இன்னும் பயம் போகவில்லையாம். இருவரும் ஆளுக்கொரு டீ வாங்கிப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகுதான் விளக்கைப் போட்டார்கள்.