கலசத்தில் வெயில் இருக்கும்வரை

எங்கள் வீடு பாரம்பரியக் கட்டிடமா இல்லையா என்று முடிவு செய்ய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று என் கணவர் சொன்ன நாளிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அவருக்கு அது ஆசை. எனக்கோ பயம். பட்டியலில் சேர்த்துவிட்டால் வீட்டை இடிக்க முடியாது. இடிக்க முடியாத வீட்டைப் பக்கத்து லாட்ஜ்காரர் வாங்கமாட்டார். அவர் வாங்காவிட்டால் நான் வேங்கிக்காலுக்குக் குடிபோக முடியாது.

ஊரின் ஓரத்தில், வேங்கிக்காலில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். ஒரே தளம், புதுசு. முட்டிவலியோடு படி ஏற வேண்டாம். மழை பெய்தால் எந்த மூலையில் குண்டான் வைப்பது என்று யோசிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே மலை வெயிலை மறைக்காது.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மலையைப் பார்த்ததும் கைகூப்பத் தோன்றும். மலைக்குக் கிழக்கே குடியிருந்துகொண்டு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டிய ஜைன வீட்டில் உலை வைத்துப் பார்த்தால் தெரியும். நான் பிறந்தது கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். சுற்றிலும் கடலைக் கொல்லை, பார்வையை மறைக்க ஒரு மேடுகூடக் கிடையாது. சூரியன் கடைசிவரை நின்று நிதானமாகத்தான் இறங்கும். நாங்களும் நிதானமாகச் சாப்பிடுவோம். இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். கல்யாணமாகி வந்தது சிவன் கோயிலுக்கு மேற்கே, அதன் மேற்குக் கோபுரமான பேகோபுரத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு. காலண்டரில் போட்டிருக்கிற அஸ்தமன நேரத்துக்கு வெகுமுன்னாலேயே இங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். கல்யாணத்தில் நான் தொலைத்தது ஒரு மணி நேர வெயில் என்று வேடிக்கையாகச் சொல்வேன். பாதிதான் வேடிக்கை.

ஊரில் மற்ற ஜைனர்கள் காலண்டரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். இந்த வீட்டில் மட்டும் அது செல்லாது. வீட்டைக் கட்டிய என் கணவரின் தாத்தா, கண்ணுக்கு மறைந்தால் மறைந்ததுதான் என்று சொல்லிவிட்டாராம். ஆனால் கடலை மண்டி வைத்திருந்தவர், வீட்டுக்கு வந்து சேரவே நேரமாகும். அதனால் தமக்குத் தாமே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டார். எங்கள் தெருவில் நிழல் விழுந்த பிறகும் கோயிலின் அந்தப் பக்கம், கிழக்கே நிற்கிற ராஜகோபுரத்தின் உச்சியில் வெயில் இருக்கும். கலசத்தில் வெயில் இருக்கும்வரை இந்த வீட்டுக்குப் பொழுது சாயவில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே மாடியறையின் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார். நேராக வைத்தால் பேகோபுரம் குறுக்கே வந்து மறைக்கும். ஆகவே தடித்த சுவருக்குள் ஜன்னலைச் சற்று வடக்கே திருப்பிவிட்டார். எதிர்ச்சுவரை ஒட்டித் தரையில் வரிசையாக உட்கார்ந்தால் சோறும் தெரியும், கலசமும் தெரியும்.

அதனால் இந்த வீட்டார் சாப்பிடுகிற வேகம் உறவில் பிரசித்தம். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலைக்குச் சாம்பார் வருவதற்குள் எழுந்துவிடுவார்கள். புதுசாக வந்தவளுக்குச் சூடான ரசம்தான் முதல் எதிரி. நாக்கைச் சுட்டுக்கொண்டு கண்ணில் நீரோடு ஜன்னலைப் பார்த்தபடி விழுங்கியிருக்கிறேன். மேகம் மூடிய நாட்களில் கலசம் தெரியாது என்ற பயத்தில் நாலு மணிக்கே தட்டைப் போடச் சொல்வார் மாமனார். ராத்திரியில் எனக்குப் பசிக்கும். பசிக்கிறது என்று யாரிடம் சொல்வது?

மாமனார், மாமியார் காலம் முடிந்து, மகனும் பெங்களூருக்குப் போய், வீட்டில் நாங்கள் இருவரும்தான் என்று ஆன பிறகும் என் கணவர் அந்த ஜன்னலை விடவில்லை. லாட்ஜ்காரர் வந்து இரண்டு மனையையும் சேர்த்துப் பெரிதாகக் கட்டப்போவதாகச் சொல்லி விலை கேட்டபோது நான் உள்ளே குதூகலித்தேன். இவர் கலெக்டர் ஆபீசுக்குப் போய், வீட்டைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டு வந்தார்.

குழு வரும் நாளன்று காலையிலிருந்து அவர் வாசக்கதவுக்கு எண்ணெய் தடவினார், மரத்தூண்களைத் துடைத்தார், கிணற்றுச் சுற்றுச்சுவரைத் தேய்த்துக் கழுவினார். மாடி ஜன்னல் பக்கம் போகவே இல்லை. அவருக்கு அது சாப்பிடுகிற ஜன்னல். அதையா அதிகாரிகளுக்குக் காட்டுவது? எனக்கு அது நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். இன்னொருவர் சென்னையிலிருந்து வந்த கட்டிடக்கலை படித்த பெண், என் மகன் வயசுதான் இருக்கும். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரே டம்ளரை மூன்று முறை கழுவினேன். காது மட்டும் கூடத்தில் இருந்தது.

வீடு ஒவ்வொரு இடத்திலும் தோற்றுக்கொண்டே வந்தது. கதவு வேறொரு வீட்டை இடித்தபோது வாங்கிவந்தது. தரை என் மாமனார் போட்ட மொசைக். முன்பக்கம் சிமெண்ட் கிரில் வைத்து மாற்றியாயிற்று. தூண்கள் நல்ல தூண்கள்தான், ஆனால் இரண்டே இரண்டு.

"இது மாதிரி வீடு நம்ம ஊர்ல இன்னும் நெறைய இருக்குங்களே" என்றார் பேராசிரியர், மனம் நோகாதபடி.

"தாத்தா கட்டினதுங்க" என்றார் இவர். துடைத்த தூணையே இன்னொரு முறை துடைத்தார். எனக்கு வேங்கிக்கால் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. புடலங்காய்ப் பொரியலுக்குத் தேங்காயைத் தாராளமாகவே துருவிப் போட்டேன்.

தெருவில் நிழல் விழுந்துவிட்டது. விருந்தாளி இருந்தாலும் இந்த வீட்டில் சோறு காத்திருக்காது. பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அறையை அளக்க அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் டேப்பை ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, கீழே இருந்தவர்களைக் கூப்பிட்டாள்.

"சார், இந்த ஜன்னல் சுவருக்கு நேரா இல்ல. ஒரு பக்கமா திரும்பியிருக்கு."

பேராசிரியர் மூச்சு வாங்க மேலே வந்து பார்த்தார். "கொத்தனார் தப்பா வெச்சிருப்பான். கோணல் வேலை."

நான் என் கணவரைப் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் முகம் சிவந்து, ஏதோ திருடி அகப்பட்டுக்கொண்டவர் போலத் தலையை ஆட்டினார். "ஆமாங்க. அந்தக் காலத்துல எஞ்சினியர் ஏது. கோணல்தாங்க."

எங்கிருந்து எனக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. இத்தனை வருஷம் நாக்கு வெந்தது கொத்தனார் செய்த தப்புக்காகவா?

"கோணலும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க" என்றேன். குரல் எனக்கே ஜாஸ்தியாகக் கேட்டது. "நின்னுக்கிட்டுப் பார்த்தா கோணலாத்தான் தெரியும். இங்க வந்து தரையில உக்காந்து பாருங்க."

அந்தப் பெண் உட்கார்ந்தாள். கீழே தெரு, பேகோபுரம், கோயில் மதில் எல்லாம் நிழலில் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் ராஜகோபுரத்தின் உச்சி மட்டும் மஞ்சள் வெயிலில் நின்றது. நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். மலை, தாத்தா, கடலை மண்டி, கலசம், ரசம், ராத்திரிப் பசி என்று ஒன்றுவிடவில்லை. சிவன் கோயில் கலசத்தைப் பார்த்து ஜைன விரதம் காக்கிற வீடு வேறெங்காவது இருந்தால் காட்டுங்கள் என்றுகூடச் சொன்னேன். என் கணவர் சுவரோரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு போட்டுடறேன், நேரம் இல்ல" என்று நாலு தட்டை வைத்தேன். பேராசிரியருக்கு முக்காலி கொடுத்தோம். நாங்கள் பழக்கப்படி வேகமாகச் சாப்பிட்டோம். எங்களைப் பார்த்து அவர்களும் வேகமாகச் சாப்பிட்டார்கள். வெயில் கோபுரத்தில் மேலே மேலே ஏறி, கலசங்களில் மட்டும் நின்று, அங்கிருந்தும் போனது. அந்தப் பெண்ணின் கையில் ஒரு பிடி ரசம் சோறு இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்துவிட்டாள். நிறுத்தச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"போயிடுச்சுங்களா?" என்றாள்.

"போயிடுச்சு" என்றார் என் கணவர்.

அவர்கள் போன பிறகு அவர் கேட்டார். "உனக்குத்தான் இந்த வீடு புடிக்காதே. ஏன் சொன்ன?"

"புடிக்காதுதான். அதுக்காக யாரோ வந்து கோணல்னு சொல்லிட்டுப் போவாங்களா? நீங்க வேற தலைய ஆட்டுறீங்க."

சில மாதங்களில் உத்தரவு வந்தது. வீடு பட்டியலில் சேர்ந்தது, காரணம் அந்த ஜன்னல். இவர் உத்தரவைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். லாட்ஜ்காரர் வாசலிலேயே நின்று, "இனிமே எனக்கு வேணாங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேங்கிக்கால் வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சினார்கள். நான் பல நாள் என் கணவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மேல் கோபம் என்று காட்டிக்கொண்டேன். கோபம் என் வாய் மேல்தான்.

அகலமாகக் கட்ட இடம் கிடைக்காத லாட்ஜ்காரர், உயரமாகக் கட்ட ஆரம்பித்தார். முதலில் ஜன்னலின் அடியில் கம்பிகள் எட்டிப் பார்த்தன. அப்புறம் சென்ட்ரிங் பலகை. அனுமதி இருக்கிறதாம். இவர் மறுபடியும் மனுவோடு ஓடினார். பட்டியலில் இருப்பது உங்கள் வீடு, அதிலிருந்து தெரிகிறதெல்லாம் இல்லை என்று பதில் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தோம். அடுத்த வாரமே வந்தாள். வந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஜன்னலைச் சேர்த்தோம், ஆன்ட்டி. கோபுரத்த எப்படிச் சேர்க்கிறது" என்றாள். அவளைத் தேற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

செங்கல் வரிசை நாளுக்கு நாள் ஏறியது. சாப்பிடும்போது இரண்டு பேரும் எட்டி எட்டிப் பார்த்தோம். ஒரு நாள் கலசத்தின் நுனி மட்டும் தெரிந்தது. மறுநாள் அதுவும் இல்லை.

அன்றைக்கு நான் சோற்றை எடுத்துக்கொண்டு மேலே போனபோது அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இனிமே காலண்டர் பார்த்துச் சாப்பிடலாம்" என்றார். "உங்க ஊர் மாதிரி. நீ அவசரப்படாத."

ஒரு மணி நேர வெயில் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன். மெதுவாகப் பரிமாறினேன். ரசத்தை ஆற வைக்காமல் ஆவியோடு ஊற்றினேன். ஊர்க்கதை ஏதாவது பேசலாம் என்று நினைத்தேன், ஒன்றும் வரவில்லை. குனிந்து சாப்பிட்டு நிமிர்ந்தால் என் தட்டு காலியாக இருந்தது. அவருடையதும் காலி. நாக்கு சுட்டிருந்தது. கையை நீட்டி அவர் தட்டையும் எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.