கல்யாணம் திருவண்ணாமலையில், பதிவு கீழ்பென்னாத்தூரில்

போன மாதம் பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போனேன். கிரிவலத்துக்கு இல்லை. என் தங்கை மஞ்சுவின் திருமணப் பதிவு நகலை வாங்குவதற்காக. அவள் கணவர் அவளைப் பிறந்த வீட்டில் விட்டு இரண்டு வருடமாகிறது. விவாகரத்து என்ற பேச்சே எடுக்காமல், இப்போது வேறொரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார். கேட்டால், பதிவே செய்யவில்லை, கோயிலில் மாலை மாற்றியதெல்லாம் ஒரு கல்யாணமா என்கிறார். அசல் சான்று அவர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் காலண்டரைக்கூடப் பார்க்காமல் மஞ்சுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்குப் பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாகப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பௌர்ணமி என்பதால் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரரிடம் பதிவு அலுவலகம் என்றதும் சிரித்தார்.

"இன்னிக்குப் போய் ஆபீஸ்னு வந்துருக்கீங்களேக்கா. ரோடு ஃபுல்லா அடைச்சிட்டாங்க. பாதி தூரம்தான் வுடுவேன், துட்டும் ஜாஸ்தி ஆவும்."

மீதி தூரத்தைக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தோம்.

அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில் ஒரு புரோக்கர் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் வராமல் நகல் தர மாட்டார்கள் என்றார். தானே முடித்துத் தருவதாகவும் சொன்னார். அதோடு விட்டாரா? புருஷன் பொண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், அனுசரித்துப் போகலாமே என்று மஞ்சுவுக்குப் புத்தி வேறு. நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவர் சொன்னது பச்சைப் பொய். நகல் கேட்க மனைவியே போதும்.

அலுவலகத்துக்குள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மா பெயரையும் தேதியையும் போட்டுத் தேடினார். இல்லை. முன்னே பின்னே தேடியும் இல்லை. பதிவே செய்யவில்லை என்று மஞ்சுவின் கணவர் சொன்னது நிஜமோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. அந்த அம்மாதான் பிறகு, "மாப்பிள்ளைக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்போதுதான் மஞ்சுவுக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி, ஒரு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். காட்டிய இடத்தில் போட்டிருக்கிறாள். எந்த அலுவலகம் என்று அவளும் கேட்கவில்லை, வீட்டில் நாங்களும் கேட்கவில்லை. கல்யாணப் பெண் கேள்வி கேட்டால் நன்றாக இருக்காதாம். பத்திரிகையில் திருவண்ணாமலை என்று அச்சடித்திருந்ததால் பதிவும் அங்கேதான் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். எங்கள் மீதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீழ்பென்னாத்தூர் இருபது கிலோமீட்டர். காலையில் வந்த பஸ்ஸே அந்த ஊர் வழியாகத்தான் வந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர மதியம் இரண்டாகிவிட்டது. அங்கே பத்தே நிமிடத்தில் பதிவு கிடைத்தது. நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ராத்திரி திருவண்ணாமலைக்கே திரும்பிச் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு அறையில் தங்கினோம். மறுநாள் மதியம் கீழ்பென்னாத்தூரில் முத்திரையோடு நகல் கைக்கு வந்தது.

போகிறவர்கள் கவனிக்க: பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். பதிவு எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தெரியாவிட்டால் ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, இருவர் பெயர், திருமணத் தேதி ஆகியவற்றோடு நேரில் போங்கள். கோயில் இருக்கும் ஊரில் இல்லையென்றால் பெண், மாப்பிள்ளை இரண்டு பேர் ஊர்களிலும் தேடச் சொல்லுங்கள். புதிதாகக் கல்யாணம் ஆன பெண்கள் பதிவு எண்ணை அன்றைக்கே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

மஞ்சு கேட்டு வாங்கியது இரண்டு நகல். இரண்டாவது எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்து நேராக நிச்சயமான பெண்ணின் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனாள். அடித்துத் துரத்துவார்கள் என்றேன். துரத்தட்டும் என்றாள்.

பெண்ணின் அப்பா நின்றபடியே படித்தார். "வெள்ளிக்கிழமை பந்தக்கால்னு இருந்தோம்மா," என்றார். பந்தல்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்து காகிதத்தை வாங்கினாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. முழுவதும் படித்துவிட்டு மஞ்சுவைப் பார்த்தாள்.

"இத நானே வெச்சுக்கட்டுமாக்கா? அப்பா மனசு மாறிட்டா காட்டணும்."