கோழி போன பிறகு பதினொரு முட்டைகள்

கல்யாணமாகி ஆறு வருடமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. இரண்டு பேருக்கும் குறையில்லை என்று வேலூர் டாக்டர் சொன்னதை என் மாமியார் நம்பவில்லை. கோழியை அடை வைத்த அன்று முட்டைக்கூடையை என்னைத் தொடவிடவில்லை. எதிர்வீட்டில் மூன்று பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். நான் ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன். அன்று என் தையல் மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரை தின்ன இறங்கிய கோழியைத் தெருநாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. கூடையில் பதினொரு முட்டைகள். தொட்டுப் பார்த்தேன். சூடு இன்னும் இருந்தது.

"தூக்கிக் குப்பைல போடு" என்றார் மாமியார்.

"நான் பொரிக்க வைக்கிறேன் அத்தை."

"நீயா? உன் கை பட்டா எல்லாம் கூமுட்டையாத்தான் போவும்."

ஆறு வருடமாக ஜாடையாகச் சொன்னதை அன்று நேராகவே சொன்னார். நான் குனிந்து முட்டைகளை முந்தானையில் அள்ளினேன். பதினொன்றையும், ஒவ்வொன்றாக, அவர் பார்க்கப் பார்க்க.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை நான் ஆபா என்று கூப்பிடுவேன். சத்தம் கேட்டு வந்தவர் விஷயம் தெரிந்ததும் வீட்டுக்குள் போய் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு திரும்பினார்.

"பேஜாராவாதம்மா. இதுக்குள்ள பல்பு போட்டாலே பொரிக்கும். பல்புக்கு ராசி கீசி ஒண்ணும் தெரியாது. சூடு கம்மியாவாம பாத்துக்கோ, அது போதும்."

என் கணவர் வாசலில் தயங்கி நின்றார். "அம்மா பேச்சை மீறணுமா?"

"மீறணும். போய் பல்பு, ஹோல்டர், தெர்மாமீட்டர் வாங்கிட்டு வாங்க."

செருப்பை மாட்டினார். பிறகு வண்டியை எடுத்தார். அவர் வரும்வரை வெந்நீர் பாட்டிலோடு முட்டைகளைச் சால்வையில் சுற்றி வைத்திருந்தேன்.

முப்பத்தேழரை டிகிரி. பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை முட்டைகளைத் திருப்பினேன். மதியம் திருப்புவதற்காகச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து ஓடி வந்தேன். சாப்பிடத்தான் நேரம் இருக்காது. "வீட்ல இன்னா, கைக்குழந்தையா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "பதினொண்ணு இருக்கு சார்" என்றேன்.

செல்போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தபோது இரண்டு முட்டை கெட்டிருந்தது. "பார்த்தியா" என்றார் மாமியார். மற்றொன்றில் சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஏதோ உதறியது. அதை அவரிடம் காட்டவில்லை. காட்டி ஒத்துக்கொள்ளவைக்க எனக்கு விருப்பமில்லை.

இருபத்தோராம் நாள் காலையில் பெட்டிக்குள் கீச்சென்று சத்தம். கம்பெனிக்கு லீவு சொன்னேன். மதியத்துக்குள் ஏழு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. இரண்டு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின. அவற்றுக்காக அழுதேன், அழுததை மறைக்கவும் இல்லை.

மாமியார் எட்டிப் பார்த்தார். "பல்பு பொரிச்சதுக்கு உனக்கு இன்னா பெருமை?"

"பெருமை இல்ல அத்தை. என் கைல கெட்டது ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுதா? அடுத்த வாரம் வளைகாப்புக்கு நானும் வர்றேன்."

பள்ளிகொண்டாவில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. அதுவரை இப்படிப்பட்ட விசேஷங்களுக்கு என்னை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அன்று இருப்பதிலேயே நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே எழுந்து போனேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "போடுங்க அண்ணி" என்று கையை நீட்டினாள்.

கன்னத்தில் சந்தனம் பூசி, பச்சை வளையல் இரண்டு போட்டேன். பிறகு முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, புளிசாதத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.