நஞ்சப்பன் பிடுங்கிய ஐந்து மாதுளை

என் வீட்டுக்காரர் நஞ்சப்பனைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் 98 ஜனவரியில் அந்த நல்ல மனுஷன் செய்த காரியத்தை நினைத்தால், மூன்று வருஷம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் தாராபுரத்துக்காரர். அவருடைய அப்பாவுக்கு நாலு ஏக்கர் மாதுளை இருந்தது. இங்கே அமெரிக்காவில் இவர் டிவி உதிரிபாகம் செய்கிற ஃபேக்டரியில் எஞ்சினியர்தான், ஆனால் செடி கொடி என்று யார் பேச்செடுத்தாலும் நடுவில் புகுந்து திருத்துவார். ஹூஸ்டனிலிருந்து எல் பாசோவுக்கு எங்களை மாற்றினார்கள். அதுவும் டெக்சாஸ்தான் என்று பெயர். போய்ப் பார்த்தால் நாலாயிரம் அடி உயரத்தில் ஒரு பாலைவனம். குளிர்காலத்தில் பகலெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும், விடிகாலையில் தோட்டத்துக் குழாய் உறைந்து கிடக்கும். மழை என்பதே இல்லை.

அக்டோபரில் வீடு பார்க்கப் போனோம். விற்றவர் டோலோரஸ் என்ற எழுபது வயது அம்மாள். கணவர் இறந்துபோய், மகள் வீட்டோடு போகவிருந்தார். பின்பக்கம் அவரும் கணவரும் சேர்ந்து வைத்த ஆறு மாதுளைகள் பழமும் இலையுமாக நின்றன. இவர் வீட்டுக்குள் பாத்ரூம் எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. அந்த மரங்களுக்காகவே வாங்கிவிட்டார். டோலோரஸ் இரண்டே விஷயம் சொன்னார். குளிர்காலத்திலும் மாதம் ஒரு தடவை, வெயில் ஏறிய பிறகு, வேர் நனையத் தண்ணீர் விட வேண்டும். பழம் வந்தால் தனக்கு வருஷம் ஒரு கூடை. இவரும் தலையை ஆட்டினார்.

டிசம்பர் கடைசியில் குடிவந்தோம். ஆறு மரமும் ஒரு இலைகூட இல்லாமல் சுள்ளியாக நின்றன. இவருக்கு முகம் கறுத்துவிட்டது. கையெழுத்து ஆனதும் கிழவி தண்ணீரை நிறுத்திக் கொன்றுவிட்டாள் என்றார். தெருவில் பாதி மரம் மொட்டையாகத்தானே நிற்கிறது என்று கேட்டேன்.

“அது வேற, இது மாதுளை. மாதுளையப் பத்தி எனக்கே சொல்றியா சாந்தாமணி? எங்க தோட்டத்துல ஒருநாளும் இப்படி மொட்டையா நின்னு பாத்ததில்ல.”

தாராபுரத்தில் குழாய் உறையுமா? இதை நான் கேட்டதும் இவர் ஃபோனை எடுத்தார். மரங்கள் தூங்குகின்றன, ஏப்ரல் வரை பொறுங்கள் என்று டோலோரஸ் சொன்னாராம். தன்னைக் கிண்டல் பண்ணுவதாக இவர் எடுத்துக்கொண்டார். எழுபது வயது மனுஷியை ஏமாற்றுக்காரி என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்கு வந்துவிடாதே என்றும் சொன்னார். பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சொந்தத்தில் ஒரு கிழவியை இப்படிப் பேசுவாரா?

அந்தச் சனிக்கிழமையே கடப்பாரை வாங்கி வந்தார். மத்தியானத்துக்குள் ஐந்து மரத்தைப் பெயர்த்துவிட்டார். வேர் முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், பச்சை ஈரம். காட்டினேன். நேரே பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சோறு போடு என்றார். ஆறாவது மரம் சமையலறைச் சுவரோரம் நின்றது. அதன் அடியில் சுண்ணாம்பு இறுகிப்போன சுக்கான் பாறை. நம் ஊரிலும் உள்ளதுதான். கடப்பாரை எகிறி இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் குப்புறப் படுத்திருந்தார், பிறகு கடப்பாரையைத் தொடவில்லை. நான் இரக்கப்படவில்லை.

மறுநாளிலிருந்து அரிசி கழுவின தண்ணீரையெல்லாம் சேர்த்துவைத்து, உச்சி வெயிலில் அந்த மரத்தடியில் ஊற்றினேன். நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை, வெறும் வீம்பு. மார்ச் முழுக்கப் புழுதிக்காற்று. ஜன்னலைச் சாத்தியும் சாப்பாட்டில் மண் கடித்தது. செத்த குச்சிக்குச் சேவகம் பண்ணுகிறேன் என்று இவர் டைனிங் டேபிளில் சிரித்தார்.

ஏப்ரல் பாதியில் அந்தக் குச்சியின் கணுவெல்லாம் புடைத்தது. நாலே நாளில் செம்பு நிறத்தில் துளிர்விட்டது. ஆபீஸிலிருந்து வந்தவரைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப்போனேன். முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் மூடிவிட்ட ஐந்து குழிகளையும் வரிசையாகப் பார்த்தார்.

“ஒரு கார்டு அனுப்பிச்சு சாரி சொல்லிரலாமே” என்றார்.

“பழி சொல்றதுக்கு ஃபோன்லயே வாய் நீண்டுச்சில்லீங்க. மன்னிப்பு மட்டும் கார்டுலயா? வண்டிய எடுங்க.”

டோலோரஸின் மகள் வீடு இருபது நிமிஷ டிரைவ். கதவைத் திறந்தது டோலோரஸேதான். இவரைப் பார்த்ததும் திட்டுவார், கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இவர் வந்த காரணம் தனக்குத் தெரியும் என்பதுபோலக் கேட்டார்.

“எழுந்துட்டாங்களா, ஆறு பேரும்?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான பதினொரு வருஷத்தில் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அவரே சொல்லட்டும் என்று நின்றேன். கடைசியில் கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார்.

அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, மீதி விரல்களுக்காகக் காத்திருந்தார்.